தினமும் ஒரு பச்சைப் பொட்டு

மார்ச் 3, திங்கள்

பல் தேய்க்கும்போதே சித்தப்பாவின் பச்சைப் பொட்டு வந்துவிட்டது. மனுஷர் ஒரு நாள்கூட நேரம் தவறுவதில்லை.

தனியாக இருக்கும் பெரியவர்கள் காலையில் எங்கள் செயலியைப் பிரௌசரில் திறந்து ‘நலம்’ பொத்தானை அமுக்கினால் போதும். பிள்ளைகளின் போனில் பச்சைப் பொட்டு விழும். அப்பா போனபிறகு என்னை வளர்த்து ஆளாக்கியவர் என்பதால் சித்தப்பாவிடம்தான் முதலில் கொடுத்தேன். “இத அமுக்கிட்டா நீ பேசவே மாட்டியா?” என்று கேட்டார். சிரித்துவிட்டேன். பேச ஆரம்பித்தால் லேசில் விடமாட்டார்.

அலுவலகத்தில் அதே ரோதனை. ஒரு போனில் பொத்தான் திரைக்கு வெளியே ஓடுகிறது, இன்னொரு பிரௌசரில் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. ஒன்றைச் சரிசெய்தால் மற்றது முரண்டு பிடிக்கிறது.

மார்ச் 4, செவ்வாய்

அலமாரியில் செத்துக் கிடந்த பழைய போனுக்கு, செயலியைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் எங்கிருந்தோ பேட்டரி தேடிப் பிடித்துவிட்டாள். முந்தையது உப்பிப்போனதால் அந்த மாடலைக் கணினிக்குள் போன்போல நடிக்கும் எமுலேட்டரில் ஓட்டித்தான் சோதித்திருந்தோம். அதில் ஒரு குறையும் இல்லை. வீண் வேலை என்றேன். அவள் கேட்கிற ஆள் இல்லை.

மார்ச் 5, புதன்

காலையில் அந்தப் போனிலிருந்து ஒரு ‘நலம்’ போயிருக்கிறது. அலமாரி பூட்டியிருந்தது, சாவி அவள் பையில். “ஏதோ ஆவி சௌக்கியமா இருக்குபோல” என்றார் டீம் லீட். எல்லோரும் சிரித்தோம், அவளைத் தவிர.

மார்ச் 6, வியாழன்

இன்றும் போயிருக்கிறது.

மார்ச் 7, வெள்ளி

சீக்கிரமே போய் அலமாரியைத் திறந்துவைத்து இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். யாரும் தொடவில்லை. போனில் யாரோ எப்போதோ வைத்த அலாரம் அடித்தது. திரை வெளிச்சமாயிற்று. பக்கம் தன்னைத்தானே மறுபடி ஏற்றிக்கொண்டு, கடைசியாக அனுப்பியதையே இன்னொரு தடவை அனுப்பியது. நலம்.

“எமுலேட்டர்ல யாரு அலாரம் வச்சுப் பாத்தா, அக்கா?” என்றாள்.

கோளாறைப் பிடித்துவிட்டோம் என்ற சந்தோஷம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் — சித்தப்பாவிடம் இருப்பதும் இதே மாடல். அவரும் அலாரம் வைத்துத்தான் எழுவார். புதுசு வாங்கித் தருகிறேன் என்றால் எரிந்து விழுவார்.

கூப்பிட்டேன். மணி அடித்தது, எடுக்கவில்லை. ஆனால் பச்சைப் பொட்டு விழுந்தது. மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஒரு பொட்டு. நான் கூப்பிடும்போதெல்லாம் அங்கே திரை வெளிச்சமாகிறது. எடுக்க மட்டும் ஆள் இல்லை.

சித்தப்பா ஊருக்குப் போகும் பஸ்ஸில் எழுதுகிறேன். கடைசியா அவர்கிட்ட எப்ப பேசினேன்? ஞாபகமே வரல. பச்சை வந்துச்சே. தினமும் வந்துச்சே.

மார்ச் 8, சனி

பக்கத்து வீட்டுக்காரர்தான் கதவை உடைத்தார். சித்தப்பா கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவே கிடந்தார். பல நாள் ஆகிவிட்டது என்றார் டாக்டர். போன் ஜன்னலோரம் சார்ஜரில் இருந்தது.

நான் ஒரு தடவை கூப்பிட்டிருந்தா போதும். பாவி நான்.

இன்று காலையும் அலாரம் அடித்தது. என் கையில் பச்சைப் பொட்டு விழுந்தது. அந்தப் போனை அணைக்க எனக்குத் தைரியம் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர்தான் அணைத்தார்.

மார்ச் 10, திங்கள்

வீட்டில் உட்கார முடியவில்லை, வேலைக்கு வந்துவிட்டேன். நேற்று ஞாயிறென்றும் பாராமல் டெஸ்டர் பெண்ணும் டீம் லீடும் திருத்தத்தை வெளியிட்டுவிட்டார்கள். இனி விரலால் அழுத்திப் பிடித்தால்தான் செய்தி போகும்.

அந்த மாடல் வைத்திருப்பவர்களில் பெரும்பாலோர் காலையிலேயே பச்சையாகிவிட்டார்கள். சிலரிடமிருந்து மதியம்வரை எதுவும் வரவில்லை. அவர்களுடைய பிள்ளைகளைக் கூப்பிட டீம் லீட் போனை எடுத்தார். நாங்களும் எடுத்தோம்.

எனக்கு முதலில் கிடைத்த மகன் ஏதோ வேலையில் இருந்தார்போல, சலித்துக்கொண்டார். “நேத்துகூட பச்சை வந்துச்சே மேடம். அம்மா நல்லாத்தானே இருக்காங்க?”

கடைசியாக அம்மாவோடு எப்போது பேசினீர்கள் என்று கேட்டேன். அவர் யோசித்துக்கொண்டே இருந்தார்.