அணைக்காத கம்ப்யூட்டருக்கு ஒரு சந்தனப் பொட்டு

பாய்,

இன்று ஆயுத பூஜை. நான் இப்போது வேலை பார்க்கும் கடையில் எல்லாக் கம்ப்யூட்டரையும் அணைத்துச் சந்தனம் வைத்தார்கள். அந்த வாசனை ஏறியதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தேரடித் தெருவில் உடைத்துப் போட்ட பூசணிக்காய்களைத் தாண்டித் தாண்டி நடந்துவிட்டு வந்து எழுதுகிறேன்.

உங்களோடு வேலை பார்த்த காலத்தில், அந்த நர்சிங் ஹோமில் நோயாளிகளின் விவரமெல்லாம் இரண்டு டிஸ்க்கில் ஒரே மாதிரி பதிவாகும்படி நாம் செய்து கொடுத்திருந்தோம். எதில் எது எழுதப்படாமல் பாக்கி என்று குறித்துக்கொள்ள மூன்றாவதாக ஒரு சின்ன டிஸ்க். அந்த வருஷம் ஆயுத பூஜையன்று காலை அந்தச் சின்ன டிஸ்க் செத்துப்போனது. முந்தின நாள் கரண்ட் போய் வந்ததில் பின்தங்கிய இரண்டாவது டிஸ்க், முதலாவதைப் பார்த்து நகலெடுத்துக்கொண்டிருந்த நேரம் அது. அப்போது அணைத்தால், மறுபடி போடும்போது எது புதுசு, எது பழசு என்று மெஷினுக்கே தெரியாது. பழசை நம்பிப் புதுசை அழித்துவிடலாம். யாருக்கு எந்த மருந்து ஆகாது என்பதெல்லாம் அதில்தான் இருந்தது.

டாக்டரம்மா சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றார். "ராகு காலத்துக்கு முன்னாடி ஆஃப் பண்ணிடுங்க. வருஷத்துல ஒரு நாளாவது அதுக்கு ரெஸ்ட் குடுக்கணும்ல."

நீங்கள் மறுத்தால் பூஜையையே மறுத்ததாக எடுத்துக்கொள்வாரோ என்று நினைத்தேன். அணைத்துத் தொலைத்துவிடலாம் என்று கை பட்டனுக்குப் போனது. நீங்கள் நாற்காலியை இழுத்து அதற்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டீர்கள்.

"கம்முனு இருப்பா" என்றீர்கள் என்னிடம். பிறகு அவரிடம், "பூஜை பண்ணுங்கம்மா. அணைக்கறது மட்டும் இப்ப வேணாம். ரெண்டும் ஒண்ணா ஆவட்டும், செத்ததுக்கு பதிலா வேற மாட்டிட்டு நானே ரெஸ்ட் குடுக்கறேன்."

அவர் கிண்ணத்தை உங்களிடம் நீட்டினார். "அப்ப பொட்டு நீங்களே வெச்சிடுங்க. எங்க வெச்சா ஆபத்தில்லைனு உங்களுக்குத்தான் தெரியும்."

காற்றுத் துளைகளை விட்டு, ஓரமாக வைத்தீர்கள். மத்தியானம் வரை பொரிகடலையைக் கொறித்தபடி அசையாமல் இருந்தீர்கள். நான் வராந்தாவை அளந்துகொண்டிருந்தேன். "நீ நடந்தா அது சீக்கிரம் முடிஞ்சிடுமா?" என்றீர்கள். முடிந்தது. ஒரு பெயர்கூடத் தொலையவில்லை.

இன்று கடையில் இந்தக் கதையைச் சொன்னேன். பொட்டு இடப்பக்கமா, வலப்பக்கமா என்று பாதியில் சந்தேகம் வந்துவிட்டது. கேட்பதற்காக போனில் உங்கள் பெயரைத் தேடி எடுத்துவிட்டேன், பாய். அப்புறம்தான் உறைத்தது, நீங்கள் இல்லை என்று. டாக்டரம்மாவும் இல்லை. என்னிடம் இருப்பதைச் சரிபார்க்க இனி இன்னொருவர் இல்லை.

இப்போதும் எந்த மெஷின் படுத்தாலும், எதையும் தொடுவதற்கு முன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருகிறேன். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருக்கிறது.