வாரவுகளுக்கு ஓர் இலை

வாடின வாழையிலையின் வாசனை உனக்குப் பிடிக்காது. நேற்றைய கிறிஸ்மஸ் பந்தியில் போட்ட இலை ஒன்று இன்னும் கூடத்திலேயே கிடக்கிறது. சோறு காய்ந்து, முந்திரிக்கொத்தில் எறும்பு ஏறிவிட்டது. எடுக்க வந்த மருமகளை நான்தான் தடுத்தேன். அதன் எதிரே உட்கார்ந்து உனக்கு எழுதுகிறேன். கிழவனுக்குப் புத்தி பிசகிவிட்டது என்று சிரிக்காதே.

நமக்குக் கல்யாணமான வருஷத்துக் கிறிஸ்மஸ் ஞாபகம் இருக்கிறதா? கோயில் ஆராதனை முடிந்து வந்து பந்தி போட்டாய். ஓர் இலை அதிகமாகக் கிடந்தது.

"இது யாருக்கு?" என்றேன்.

"வாரவுகளுக்கு."

"யாரு வாரா?"

"தெரிஞ்சா பேரு சொல்லிக் கூப்பிட்டிருப்பேம்லா!" என்று சிரித்தாய். பிறகு தணிந்த குரலில், "ஆண்டவரு பொறக்கச் சத்திரத்துல இடமில்லன்னு சொல்லிட்டாவல்லா. அந்த வார்த்தை இன்னைக்கு நம்ம வீட்டுல கேக்கக் கூடாது" என்றாய். நான் கோயிலில் கேட்டு, கோயிலிலேயே விட்டுவிட்டு வந்த வசனம் அது.

அதன்பிறகு ஒவ்வொரு வருஷமும், யாராவது வரும்வரை எங்களைச் சாப்பிட விடமாட்டாய். பசியில் நான் கத்துவேன். நீ வாசலில் நின்று தெருவைப் பார்ப்பாய். ஒரு வருஷம் ஆழ்வார்திருநகரி வண்டிக்காரர் ஒருவர், நெற்றியில் நாமத்தோடு, மழைக்கு ஒதுங்கினார். நம் வீட்டுச் சோறு அவருக்கு ஆகாது என்று நான் முணுமுணுத்தேன். நீ அந்த இலையில் நம் தோட்டத்துப் பழத்தையும் கருப்பட்டியையும் வைத்து, "இது மரத்துல பழுத்தது அண்ணாச்சி, நான் சமைக்கல" என்றாய். மனிதர் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார்.

பேதி உன்னைக் கொண்டுபோன பிறகும் அந்த இலை நிற்கவில்லை. பிள்ளைகள் தவறாமல் போடுகிறார்கள். உனக்குப் பிடித்ததையெல்லாம் வைத்து, ஒரு செவந்திப் பூவும் வைக்கிறார்கள். அதைப் பார்த்து நானும் அழுதிருக்கிறேன்.

நேற்று வீடு நிறைய ஆள். பாளையங்கோட்டையிலிருந்து பெரியவனின் சிநேகிதர்கள் வந்திருந்தார்கள். கலர்க் காகிதம், வெடி, கிராமபோன், தூத்துக்குடி கேக்கு, எதற்கும் குறைவில்லை. யாருடைய கோட்டு நல்ல கோட்டு என்றுதான் பேச்சு. பிறந்தவரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை.

ஆற்றில் வெள்ளம், ஏரலில் ஓடம் நின்றுவிட்டது. அக்கரைக்குப் போக முடியாத ஒரு பெண்பிள்ளை, இடுப்பில் குழந்தையோடு நனைந்துபோய் நம் வாசலில் வந்து நின்றாள். பெரியவன்தான் போனான்.

"இங்கன இடமில்லம்மா. பந்தி முடியட்டும், பைய வா."

அவள் உள்ளே எட்டிப் பார்த்தாள். "அந்தா ஒரு இலை சும்மா கெடக்கே, ஐயா?"

"அது எங்க அம்மைக்குப் போட்டது. அதுல யாரும் உக்காரக் கூடாது."

சொல்லும்போது அவன் குரல் உடைந்தது. திமிரில் சொல்லியிருந்தால் ஓர் அறை கொடுத்திருப்பேன். உன்மேல் உள்ள பாசத்தில் சொன்னான். நான் என்ன செய்வேன்? மூட்டு வலியோடு எழுந்து வாசலுக்குப் போவதற்குள் அவள் போய்விட்டாள். மழையில் நின்று கூப்பிட்டேன். கிராமபோன் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.

திரும்பி வந்து அவனிடம் சொன்னேன்: "ஏலே, அது உங்க அம்மைக்குப் போட்ட இலை இல்ல. உங்க அம்மை போட்ட இலை."

"ரெண்டும் ஒண்ணுதானப்பா" என்றான்.

அவனுக்குத் தெரியவில்லை. நம் வீட்டிலும் அந்த வார்த்தையைச் சொல்லியாகிவிட்டது. அதையும் உன் பேரைச் சொல்லியே சொன்னான்.

உயிரோடிருந்தால் அடுத்த கிறிஸ்மஸுக்கு அந்த இலையை நானே போடுவேன். பூ வைக்கமாட்டேன். நீ செய்தது போலவே வாசலில் நிற்பேன். யார் வந்தாலும் அதில் உட்காரட்டும். அதற்கு நீ எழுந்துகொள்ள வேண்டும். இந்த வீட்டில் உனக்கென்று மிச்சமிருப்பது அந்த ஓர் இடந்தான். அதிலிருந்தும் எழுந்திரு என்று உன்னிடம் எந்த வாயால் சொல்வேன்? ஆனாலும் அன்று சொல்லத்தான் வேண்டும்.

எழுந்திரு, தாயே. ஆள் வந்திருக்கிறது.