பாதி ஏணி

13 ஜனவரி 2008, ஞாயிறு

இன்று பெண்கள் கழிப்பறைக்குள் போய்விட்டேன்.

வேண்டுமென்று இல்லை. லேப்டாப்பைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, வைஃபை கோடு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்த்தபடியே கட்டடம் முழுக்க நடப்பதற்குப் பெயர்தான் எங்கள் தொழிலில் சர்வே. கண் திரையில் இருக்கும். கால் தன் போக்கில் போகும். பெருங்களத்தூர் தாண்டி இருக்கும் அந்த இன்ஜினியரிங் காலேஜின் இரண்டாவது மாடியில் என் கால் போன போக்கு அது. உள்ளே கழுவிக்கொண்டிருந்த கன்னியம்மா துடைப்பத்தை ஓங்கிவிட்டாள்.

"இன்னாய்யா, பொட்டியப் பாத்துகினே உள்ள வர்ற? வெளிய பொம்பள படம் போட்டுகீதே, அது கண்ணுக்குத் தெரில?"

சிக்னல் பார்க்க வந்தேன் என்றேன். கக்கூசில் எதுக்குய்யா சிக்னல் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அங்கே சிக்னல் நன்றாக இருந்தது. கட்டட வரைபடத்தில் அந்த அறைக்கும் பச்சை அடித்துவிட்டு வந்தேன்.

பச்சை என்றால் நல்ல சிக்னல், மஞ்சள் சுமார், சிவப்பு இல்லை. பெரிய கம்பெனிகளில் இதற்குச் சாஃப்ட்வேர் வைத்திருக்கிறார்களாம். எங்கள் லாசரஸ் சார் கம்பெனியில் என் பெண் வெண்ணிலா பள்ளிக்கூட நாளில் மிச்சம் வைத்த கலர் பென்சில் இருக்கிறது. கம்பெனி என்றால் சாரும் நானும்தான்.

பொங்கல் லீவு. காலேஜில் ஈ காக்கை இல்லை. அதனால் ஒரே நாளில் முடிந்தது. ஆடிட்டோரியம் முழுக்கப் பச்சை. பத்தாவது பாஸ், ஐடிஐ வயர்மேனுக்கு இது மோசமில்லை என்று என்னையே தட்டிக்கொடுத்துக்கொண்டேன்.

15 ஜனவரி

வெண்ணிலாவின் அம்மா காந்திமதி போனபிறகு இது நாலாவது பொங்கல். இரண்டு பேருக்கு எவ்வளவு அரிசி போடுவது என்று எங்கள் இருவருக்கும் இன்னும் கைவரவில்லை. மூன்றாவது ஆளுடையது ஒவ்வொரு வருடமும் மீந்துபோகிறது. மாடியில் குடியிருப்பவர்களுக்குக் கொடுத்தேன்.

சாப்பிடும்போது வெண்ணிலா சொன்னாள். ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனி பல காலேஜ் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒரே இடத்தில் பரீட்சை வைக்கிறதாம். பிஎஸ்சி கடைசி வருஷக்காரர்களும் எழுதலாமாம். தாளே கிடையாது, எல்லாம் லேப்டாப்பில், வைஃபையில். இடம் எது தெரியுமா? என்னைக் கன்னியம்மா துரத்திய அதே காலேஜ்.

"உன் வைஃபைலதான்பா எழுதப்போறேன்" என்றாள். முகமெல்லாம் பல்.

பாஸானால் எங்கே வேலை என்று கேட்டேன். பூனா. எவ்வளவு தூரம்? ட்ரெயின்ல ஒரு நாள்பா, அவ்ளோதான்.

அவ்ளோதான்.

20 ஜனவரி, ஞாயிறு

அவள் கோச்சிங் போய்விட்டாள். புது டப்பா ஒன்றை — இந்த வைஃபை விடும் வெள்ளைப் பெட்டியை நாங்கள் டப்பா என்றுதான் சொல்வோம் — வீட்டில் வைத்துச் சோதித்தேன். ஹால், சமையல்கட்டு, காந்திமதியின் பீரோவுக்குப் பின்னால், எங்கே போனாலும் அஞ்சு கோடு. பேச்சுத்துணைக்கு ரயில்வே கேட்டு வரை போய் டீ குடித்துவிட்டு வந்தேன். டீக்கடைக்காரர் ஊருக்குப் போயிருந்தார், யாரோ புதுப் பையன் பேசாமல் டீ போட்டுக் கொடுத்தான்.

6 பிப்ரவரி

மானம் போச்சு.

பரீட்சைக்கு முன்னால் ஒத்திகை வைத்தார்கள். அந்தக் காலேஜ் பிள்ளைகளையே ஆடிட்டோரியம் நிறைய உட்காரவைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் நெட்டைத் திறக்கச் சொன்னார்கள். நான் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு, கல்யாணத்தில் பெண்ணைப் பெற்றவன் மாதிரி நின்றேன். இரண்டு நிமிஷம். பின்வரிசை போச்சு. அப்புறம் நடுவரிசை. அப்புறம் எல்லாம். பிள்ளைகள் விசில் அடித்தார்கள்.

லாசரஸ் சார் என்னை வராந்தாவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

"ரங்கம், சர்வே எப்பய்யா எடுத்த?"

"பொங்கல் லீவுல சார்."

"லீவுல இங்க யாருய்யா நெட் பாப்பா, வௌவாலா?"

கம்ப்யூட்டர் லேபைப் பார்த்துக்கொள்ளும் ஜான்சி மேடம் என்மேல் இரக்கப்பட்டு விளக்கினார். மனுஷ உடம்பில் முக்கால்வாசி தண்ணீர்தானாம். அந்தத் தண்ணீர் சிக்னலைக் குடித்துவிடுமாம். காலி ஹாலில் கடைசிச் சுவர் வரை போகிற அலை, ஆள் நிறைந்த ஹாலில் பத்து வரிசை தாண்டாதாம். அதோடு ஒரு டப்பாவிடம் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கேட்டால் அது யாருக்கென்று பதில் சொல்லும்? தனிக்குடித்தனம் போன இரண்டு மகன்களும் ஒரே நேரத்தில் கூப்பிட்டால் அம்மா கூட அவ்வளவு திணறமாட்டாள்.

நான் காலியாக இருந்த கட்டடத்துக்கு வைஃபை போட்டிருக்கிறேன். ஆட்களுக்குப் போடவில்லை.

வெண்ணிலா கேட்டாள், ஒத்திகை எப்படிப்பா போச்சு என்று. நல்லா போச்சு என்றேன்.

7 பிப்ரவரி

ஆள் இல்லாத இடத்தில்தான் கோடு நிறைய இருக்குமாம். நம் வீட்டில் எல்லா மூலையிலும் அஞ்சு கோடு.

14 பிப்ரவரி

ஒரு வாரமாக ஆடிட்டோரியத்திலேயே குடித்தனம். டப்பாவைக் கூட்டி, ஒவ்வொன்றின் சத்தத்தையும் குறைத்தோம். முதலில் எனக்கு இது விளங்கவில்லை. சிக்னல் வரவில்லை என்றால் ஏற்றத்தானே வேண்டும், எதற்குக் குறைப்பது? ஜான்சி மேடம் சொன்னார்: எல்லா டப்பாவும் முழுத் தொண்டையில் கத்தினால் ஒன்றின் பேச்சு இன்னொன்றுக்குக் கேட்காது. பக்கத்தில் இருக்கிறவர்களுக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினால் போதும். அடுத்தடுத்த டப்பாக்களுக்கு வேறு வேறு சேனல் போட்டோம்.

இந்த முறை வகுப்பு நடக்கும்போதே சர்வே. லேப்டாப்பை ஏந்திக்கொண்டு பிள்ளைகளுக்கு நடுவில் நடந்தேன். கற்பூரத் தட்டு என்று நினைத்து ஒருத்தன் ஒரு ரூபாய் போட்டான். சிரித்துவிட்டு அதை எடுத்துக்கொண்டேன். கலர் பென்சிலில் மஞ்சள் தீர்ந்துபோச்சு, அவ்வளவு மஞ்சள். பிறகு டப்பா நகர்த்த நகர்த்தப் பச்சை வந்தது.

வீட்டில் அவள் கணக்குப் போட்டுக்கொண்டே மொட்டைமாடியில் நடக்கிறாள். நான் இங்கே நடக்கிறேன். இரண்டு பேரும் பூனாவுக்குத்தான் நடக்கிறோம் போலிருக்கிறது.

22 பிப்ரவரி

"அப்பா, நாளைக்கு ஹால்ல என்னப் பாத்து கையாட்டாத. சிரிக்காத. சாப்டியான்னு கேக்காத."

பரீட்சை நடுவில் எவனாவது சாப்டியான்னு கேட்பானா என்றேன். நீ கேப்ப என்றாள்.

23 பிப்ரவரி, சனி

கையாட்டவில்லை. சிரிக்கவில்லை.

கம்பெனி ஆள் மைக்கில் சொன்னார்: யாருக்காவது லைன் அறுந்து அஞ்சு நிமிஷத்தில் திரும்ப வரவில்லை என்றால் அந்த விடைத்தாள் மூடிக்கொள்ளும், அடுத்த வருஷம் வந்து எழுதலாம். ஹால் நிறைய ஆள். பாதி நேரம் வரை ஒரு குறை இல்லை. லாசரஸ் சார் என் தோளைத் தட்டினார். அவர் தட்டினாலே ஆகாது.

இடதுபக்கக் கடைசி டப்பா செத்துப்போச்சு. பச்சை விளக்கு எரிகிறது, ஆனால் பேச்சில்லை. அதன் கீழே இருந்த வரிசையில் எல்லாத் திரையிலும் சக்கரம் சுற்றியது. அந்த வரிசையில்தான் வெண்ணிலா.

பிளக்கைப் பிடுங்கிப் போட்டால் உயிர் வந்துவிடும். பிளக் மேலே, டப்பா பக்கத்தில். சார் ஏணியைப் பிடித்துக்கொண்டு "ஏறு ரங்கம்" என்றார். ஏறினேன்.

பாதி ஏணியில் நின்றுவிட்டேன்.

அங்கிருந்து அவள் தலை வகிடு தெரிந்தது. திரையில் சக்கரம். இது இப்படியே சுற்றினால் இவள் எங்கேயும் போகமாட்டாள் என்று தோன்றியது. தோன்றியதா? தோன்றியது. எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். 'அப்பா' என்று வாய் மட்டும் அசைந்தது.

ஏறினேன். பிடுங்கினேன். போட்டேன். வந்தது. எல்லோருக்கும் வந்தது.

சாயங்காலம் பஸ்ஸில் கேட்டாள்: "ஏன்பா நடுவுல நின்னுட்ட? எனக்கு உயிரே போயிடிச்சு."

"முட்டி புடிச்சிகிச்சும்மா."

வாயில் வந்தது அதுதான்.

24 பிப்ரவரி

காலையில் எனக்கு முன்னால் எழுந்து நல்லெண்ணெய் காய்ச்சி வைத்திருக்கிறாள். வலது முட்டியை நீட்டினேன். தேய்த்துவிட்டாள். அவள் அம்மா கை மாதிரியே இருந்தது. ஒரு பாவமும் செய்யாத முட்டி, சுகமாக இருந்தது.

27 பிப்ரவரி

சாரிடமும் முட்டி என்றே சொல்லியிருந்தேன், ஏணியில் நின்றது காலேஜ் முழுக்கப் பரவிவிட்டது. கன்னியம்மா கோவளத்தில் மீன் விற்கும் தன் அக்காவிடம் சொல்லி நண்டு வாங்கிவந்தாள். "ரசம் வெச்சி குடிண்ணா. முட்டிக்கு அத்த வுட்டா வேற மருந்தே கெடையாது." துடைப்பம் ஓங்கின கை. வாங்கிக்கொண்டேன். ரசம் நன்றாக இருந்தது. எனக்கே வெட்கமாக இருந்தது, ஆனால் இரண்டு தம்ளர் குடித்தேன்.

10 மார்ச்

பாஸ். வெண்ணிலா செலக்ட் ஆகிவிட்டாள். ஜூலையில் பூனா.

லாசரஸ் சார் என்னைப் பிடித்துக்கொண்டு எல்லோரிடமும் சொன்னார், ரங்கம் போட்ட நெட்டுல ரங்கம் பொண்ணு பாஸ் என்று. தாம்பரம் மார்க்கெட்டில் அரைக்கிலோ ஸ்வீட் வாங்கினேன். கொடுக்க ஆள் யோசித்தேன். மாடிக்கு, சாருக்கு, ஜான்சி மேடத்துக்கு, கன்னியம்மாவுக்கு. அப்புறமும் இருந்தது.

5 ஏப்ரல்

இன்று இடது காலை நொண்டிவிட்டேன். அவள் உற்றுப் பார்த்தாள். வலி இங்கேயும் வந்துடிச்சு என்றேன். பொய்யும் வைஃபை மாதிரிதான். ஒன்று போட்டால் பக்கத்தில் இன்னொன்று போடவேண்டியிருக்கிறது.

19 ஜூன்

சாதம் போட்டுக்கொண்டே சொன்னாள். "நான் போகலப்பா. இங்கயே எதனா பாத்துக்கறேன்."

ஏன் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

"உன் முட்டி இப்படி இருக்கு. ஏணி ஏறுற வேலை. விழுந்து கெடந்தா யார் பாப்பா? மாடி வீட்டு ஆளா?"

ரசம் ஊற்றச் சொன்னேன்.

ஒன்றும் செய்யவேண்டாம். வெறுமனே நொண்டினால் போதும். இவ்வளவு சுலபமாக எதுவும் எனக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை. செம்பாக்கம் பக்கம் ஒரு ஆபீஸில் டேட்டா என்ட்ரிக்கு ஆள் கேட்கிறார்களாம், விசாரித்தேகூட வைத்திருக்கிறாள். சாயங்காலமானால் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவள் சமையல்கட்டில் இருந்தால் ஹாலில் எனக்கு இரண்டு கோடு குறையும்.

கம்பெனிக்காரனுக்கு முடிவு சொல்ல இந்த மாசக் கடைசி வரை நேரம்.

20 ஜூன்

நொண்டினேன்.

21 ஜூன்

இன்றும்.

22 ஜூன், ஞாயிறு

காலையில் தண்ணீர் வரவில்லை என்று மாடி வீட்டுக்காரர் கூப்பிட்டார். டேங்க் மொட்டைமாடிக்கும் மேலே, இரும்பு ஏணியில் ஏறவேண்டும். வெண்ணிலா ஆள் கூப்பிடலாம் என்றாள். அவளுடைய ஆஃபர் லெட்டர் டிவி மேல் கிடந்தது, மேலே தேங்காய் எண்ணெய் டப்பா. பிரிக்காத மாதிரி மடித்து வைத்திருக்கிறாள். எத்தனை தடவை பிரித்தாளோ, மடிப்பு நைந்துபோயிருந்தது.

லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறினேன். அடைப்பை எடுத்தேன். இறங்கினேன். அவள் பார்க்கவேண்டுமே என்று இன்னொரு தடவை ஏறினேன். மேலே நின்று பார்த்தால் பீர்க்கன்கரணை ஏரி வரை தெரிகிறது. வெயிலில் தண்ணீர் பளபளத்தது. கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கினேன்.

"நண்டு ரசம் வேல செஞ்சிடிச்சி. வலியே இல்ல. நீ பெட்டிய எடுத்து வை."

"நெஜமாவா?"

"வேணா ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் ஓட்டப்பந்தயம் வர்றியா?"

வந்தாள். பாதி வழியில் அவளை ஜெயிக்கவிட்டேன். உண்மையைச் சொன்னால், மூச்சு வாங்கி நின்றுவிட்டேன்.

11 ஜூலை

சென்ட்ரல். ட்ரெயின் நகர்ந்ததும் அவள் கையாட்டினாள். நானும் ஆட்டினேன். சாப்டியான்னு கேட்டுவிட்டேன்.

12 ஜூலை

அரிசி அதிகமாகப் போட்டுவிட்டேன்.

3 ஆகஸ்ட்

லாசரஸ் சாருக்குப் பல்லாவரத்தில் ஒரு ஷாப்பிங் காம்ப்ளெக்ஸ் கிடைத்திருக்கிறது. சர்வேக்கு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் போகவேண்டும், கூட்டம் நெரியும்போது என்று நானே சொன்னேன். வேலை முடிந்தபிறகும் ஒரு மணி நேரம் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு கூட்டத்தில் நடந்தேன். சார் கேட்டார், இன்னும் எதுக்குய்யா நடக்குற என்று. செக் பண்றேன் சார் என்றேன்.

13 செப்டம்பர், சனி

பூனாவிலிருந்து கூரியர். உள்ளே முட்டியில் மாட்டுகிற உறை ஒரு ஜோடி, ஏதோ தைலம், எப்படி மாட்டவேண்டும் என்று அவள் கையெழுத்தில் படம். மாட்டிக்கொண்டு முகவாயில் கைவைத்து உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது.

"வந்துச்சாப்பா? போட்டுக்கினியா?"

"போட்டுக்கினேம்மா."

"எனக்குத் தெரியும்பா. வலிய மறைச்சிதான் நீ என்ன அனுப்பின. அன்னிக்கு டேங்க் மேல ரெண்டு வாட்டி ஏறுனப்பவே தெரியும். இங்க எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், எங்கப்பா மாதிரி..."

பின்னால் யாரோ பெண்பிள்ளைகள் சிரிக்கிற சத்தம், தட்டு சத்தம். மெஸ்ஸில் இருக்கிறாள் போல. கூட்டம் நிறைய இருக்கிற இடம்தான். நல்லது.

சரிம்மா, தினம் போட்டுக்கறேன் என்றேன். மழை பெய்யுதா என்று கேட்டேன். பெய்யுதாம். சாப்டியா என்று கேட்டேன். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறாளாம்.

அன்றைக்கு ஏணியில் என் முட்டி பிடிக்கவே இல்லை என்பதை மட்டும் சொல்லவில்லை.