மல்லேசுவரத்தில் நான் விழுங்கிய ஒரு மணி நேரம்

28-12-1958, ஞாயிறு

இன்று மல்லேசுவரத்தில் தமிழாசிரியர் மாநாடு. நிகழ்ச்சி நிரலை வகுத்தவன் நானே. உணவுக்குப் பின் ஒரு மணி நேரம் ஆசிரியர்கள் வட்டமாய் அமர்ந்து, தத்தம் பள்ளி இடர்களைத் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு முன்னுரையாகப் பத்தே மணித்துளி பேச எழுந்தேன். கைதட்டினார்கள். நான் அமர்ந்தபோது மணி நான்கு. மாநாடு முடிந்துவிட்டது.

வாயிலில் தங்கவயல் ஆசிரியை ஒருவர் என்னை நிறுத்தினார்.

"நல்லா பேசுனீங்க ஐயா. தட்டித் தட்டிக் கை செவந்துபோச்சு. கூட இருந்த டீச்சர் போயிட்டாங்க. அஞ்சு கிளாசையும் ஒரே ரூம்ல நானே பாக்குறேன். நாளான்னிக்கு இன்ஸ்பெக்டர் வராரு. சரியில்லன்னா ஸ்கூல மூடிடுவாங்க. அப்படி நடத்துறவங்க யாருனா இருந்தா கேட்டுக்கலாம்னுதான் வந்தேன்."

இருந்தார். சீவனள்ளி ஆசிரியர் ஆறாண்டுகளாக அப்படித்தான் நடத்துகிறார். இந்த அம்மையாருக்கு முன்வரிசையில்தான் அமர்ந்திருந்தார். என் உரை முடியுமுன்பே எழுந்து போய்விட்டார்.

அதைச் சொல்லாமல், "அஞ்சாதீர்" என்று தொடங்கினேன். கல்வி, இனம், எதிர்காலம் எனச் சொற்கள் வந்துகொண்டே இருந்தன.

"வண்டிக்கு நேரமாச்சுங்க" என்று கைகூப்பிவிட்டு நடந்தார்.

வகுப்பறையில் ஆசிரியனாக ஒருநாளும் நின்றறியாதவன் நான். "எனக்குத் தெரியாது, தெரிந்தவர் முகவரி இது" என்றிருந்தால் போதும். எல்லார் முகவரியும் உள்ள வருகைப் பதிவேடு அப்போது என் கக்கத்தில்தான் இருந்தது. நாளை அஞ்சலிட்டாலும், கடிதம் ஆய்வாளருக்குப் பின்னரே போய்ச் சேரும்.