ஒப்பீட்டுக்கு முப்பது பெண்கள்

நாள் 212, 08:10
நிலவின் தென்முனை நிலையம். காற்றழுத்தம் சரி. மின்கலம் 91 சதவீதம். இங்கே இருப்பது நான் ஒருத்திதான்: செண்பகவடிவு, வயது 57, ரத்த ஆய்வாளர். இடுப்புச் சுற்றளவு 98. நிலவுக்கு வந்தும் தொப்பை மட்டும் குறைந்தபாடில்லை. ரத்தத்தில் அழற்சி அளவு 8.4. மருத்துவப் பொறி வழக்கம்போல் சிவப்பு விளக்கைப் போட்டது. நானும் வழக்கம்போல் அதை அணைத்துவிட்டுக் காபி போட்டேன்.

09:35
விண்கல் துகள் ஒன்று கிழக்குச் சுவரைத் துளைத்துவிட்டது. அடைத்தும் கசிவு நிற்கவில்லை. விண்ணுடையில் இருக்கும் காற்றையும் சேர்த்தால் ஐந்து மணி நேரம் தாங்கும். மீட்புக் கலம் அடுத்த அறையில்தான் நிற்கிறது. ஏறிவிட்டால் பிழைத்தேன்.

09:50
கலத்தின் கதவு திறக்கவில்லை. மருத்துவப் பொறியின் திரையில்: "அழற்சி வரம்பு 5. உங்கள் அளவு 8.4. நோய்த்தொற்றுச் சந்தேகம். பூமிக்குத் திரும்ப அனுமதி இல்லை."
தொற்றும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு மாதவிடாய் நின்று ஏழு வருடமாகிறது. அதன்பிறகு கொழுப்பு வயிற்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு, சாம்பலுக்கடியில் கங்கு மாதிரி கனன்றுகொண்டே இருக்கிறது. அதைத்தான் இந்தப் பொறி நோய் என்கிறது.

10:20
எழுதவே கூசுகிறது. அந்த வரம்பை வகுத்தவளே நான்தான். பதினெட்டு வருடத்துக்கு முன் என் ஆய்வுப் பட்டியலில் ஐம்பதைத் தாண்டிய பெண்கள் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். அவர்களுடைய அளவுகள் என் வரைபடத்தைக் கெடுத்தன. கட்டுரையைச் சீக்கிரம் அனுப்ப வேண்டும் என்ற அவசரம். "மாதவிடாய் நின்றவர்கள் நீக்கப்பட்டனர்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டேன். அப்போது எனக்கு முப்பத்தொன்பது. அவர்களுடைய அளவுகளையும் ரத்த மாதிரிகளையும் அழித்தாயிற்று.

11:05
தரைக் கட்டுப்பாட்டு மையத்திலிருந்து டாக்டர் இருதயராஜ்: "மேடம், வரம்பை நாங்க கையால மாத்த முடியாது. உங்க வயசுல, தொற்று இல்லாத முப்பது பெண்களோட அளவைக் கொடுத்தாதான் பொறி ஒத்துக்கும். கேன்டீன்ல, துப்புரவுல, ஆபீஸ்ல இருக்குற அம்மாமாரையெல்லாம் கூப்பிட்டுட்டேன். வரிசையில நிக்காங்க. பயப்படாதீங்க."

12:40
பதினேழு பேர் ஆகிவிட்டது. கேன்டீனில் சமைக்கும் ராஜகனி என்பவர் மைக்கைப் பிடுங்கிப் பேசினார்: "எனக்கு அளவு ஒன்பதுன்னு சொல்றாங்க டாக்டரம்மா. முட்டுவலின்னு ஆஸ்பத்திரிக்குப் போனா, வயசாச்சு, எடையக் கொறைன்னு தொரத்திவிடுவாங்க. இன்னைக்குத்தான் எங்க ரத்தம் வேணும்னு ஒருத்தர் கேக்காங்க. நல்லபடியா வந்து சேருங்க."
அழுதுவிட்டேன். அழுதால் காற்று வீணாகும் என்று தெரிந்தும் அழுதேன்.

13:55
இருபத்தாறு. விண்ணுடைக்கு மாறிவிட்டேன். தலை வெடிக்கிறது.
இருதயராஜ்: "இன்னும் நாலே பேர் மேடம். வெளிய பஸ்ஸ மறிச்சுக் கேட்டுக்கிட்டு இருக்கோம்."
சாக எனக்கு இஷ்டமில்லை. அதை எங்காவது எழுதி வைக்க வேண்டும் போல் இருந்தது.

14:24
இருபத்தொன்பது. எழுத்து தெரியவில்லை. இருதயராஜ், இந்தத் தடவை யாரையும் நீக்காதீங்க. முப்பது பேரோட பேரையும் கட்டுரையில போடுங்க. ராஜகனி பேரை முதல்ல

14:41, மருத்துவப் பொறியின் தானியங்கிப் பதிவு
ஒப்பீட்டுக் குழு: பெண்கள், 30. புதிய வரம்பு: 11.2. செண்பகவடிவு, 57: நோய்த்தொற்று இல்லை. அனுமதி உண்டு. கதவு திறந்தது.

14:56, தானியங்கிப் பதிவு
கலத்துக்குள் வந்தவர்: எவருமில்லை.