ஈயமும் பழைய வலையும்

ஜூலை 31, வியாழன்

விண்வெளி ஆய்வு நிதிக்குக் கல்லூரியிலிருந்து ஒரே ஓர் ஆய்வுத் திட்டம்தான் அனுப்பலாம். ஆகஸ்ட் 12 கடைசி நாள். எங்கள் இயற்பியல் துறைக்குப் புதிதாக வந்த ஆசிரியை ஜெப்ஸி, துறைமுகத்தில் கழித்துப்போடும் பிளாஸ்டிக் இழுவலைகளை உருக்கிப் பலகையாக்கி, நிலவைத் தாண்டிப் போகும் விண்வெளி வீரர்களைக் கதிர்வீச்சிலிருந்து காக்கலாம் என்று எழுதியிருந்தாள்.

“கதிர்வீச்சத் தடுக்க ஈயம் இருக்கே, அது என்னம்மா ஆச்சு? கடக்கரை ஆளுங்க எங்க போனாலும் வலையைத் தூக்கிட்டுத்தான் போவியளோ?” என்றேன்.

உடன் வேலை பார்க்கும் ஜாபேஸ் சார் மேசையைத் தட்டிச் சிரித்தார். படிவத்தில் ‘துறைத்தலைவர்’ என்ற இடத்தில், நிராகரித்துக் கையெழுத்திட்டேன்.

ஆகஸ்ட் 2

சும்மா வேடிக்கைக்குச் சொன்னது. — எங்கள் ஊரான நாசரேத்து ஆள் யாரிடமாவது அப்படிக் கேட்டிருப்பேனா?

ஆகஸ்ட் 5, செவ்வாய்

மாதா கோயில் திருவிழா, விடுமுறை. ஜெப்ஸி குறிப்பிட்டிருந்த கட்டுரைகளைப் படித்தும் நம்பாமல் ஆய்வகத்துக்குப் போனேன். விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களை எண்ணும் கருவிகளுக்கு மேலே ஒரு விரற்கடை ஈயம் வைத்தேன். எண்ணிக்கை குறையவில்லை. கூடியது. ஈயத்தில் மோதித் துகள்கள் சிதறிப் பெருகுகின்றன. எக்ஸ்ரே அறையில் காப்பது, விண்வெளியில் ஆபத்தைக் கூட்டிவிடும். வலைப் பிளாஸ்டிக்கில் ஹைட்ரஜன் அதிகம், சிதறல் குறைவு.

அலமாரியிலிருந்து என் எம்.எஸ்ஸி. ஆய்வக ரெக்கார்டை எடுத்தேன். அதே சோதனை, அதே ஏற்றம். பக்கத்தில் என் கையெழுத்து: ‘கருவிப் பிழை’.

ஐயோ, இருபத்தாறு வருஷமா கிளாஸ்ல ஈயம் ஈயம்னுதானே சொல்லிட்டு வாரேன்!

ஆகஸ்ட் 7

ஜெப்ஸியிடம் ரெக்கார்டைக் காட்டினேன். “ஈயத்தப் பத்தி நான் சொன்னது தப்பு.”

படித்துவிட்டு மூடினாள். “ஈயத்தப் பத்தி மட்டுந்தானா மேடம்?”

மணி அடித்தது. அதைச் சாக்காக வைத்து எழுந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 8

வெட்கம் கெட்டவள் நான்.

ஆகஸ்ட் 11, திங்கள்

துறைக் கூட்டம். நிராகரிப்பைத் திரும்பப் பெற்றேன், காரணத்தோடு. உட்காரப் போன நான் உட்காரவில்லை. “வலையப் பத்திப் பேசினதும் வேடிக்கை இல்ல. கடக்கரைச் சனத்தையே இளக்காரமாப் பேசிட்டேன். மன்னிச்சிரு, ஜெப்ஸி.”

“விடுங்க மேடம், அதெல்லாம் யாரு நினைவு வச்சிருக்கா?” என்றார் ஜாபேஸ் சார்.

“நான் வச்சிருக்கேன் சார்,” என்றாள் ஜெப்ஸி. திட்டம் மாலையில் போயிற்று.

ஆகஸ்ட் 21, வியாழன்

சோதித்துப் பார்க்க முதல் வலைப் பலகைகள். சாக்கில் சுற்றி ஆட்டோவில் கொண்டுவந்தாள். உருக்கியும் கடல் வாடை போகவில்லை. ஒரு முனையைப் பிடிக்கப் போனேன்.

“வேண்டாம் மேடம், நான் வைக்கேன். நீங்க ரீடிங் எழுதுங்க.” பலகையை வைத்துவிட்டு, “வார நம்பர அப்படியே எழுதுங்க,” என்றாள்.

எழுதினேன்.