ஏரிக்கரையில் ஓட்டம்

அன்பு மகள் எஸ்தருக்கு,

நர்ஸ் படிப்புக்கு நடுவே என் ரத்தக்கொதிப்பைப் பற்றி நீ இவ்வளவு கவலைப்பட வேண்டாம். உடற்பயிற்சியை ஆரம்பித்துவிட்டேன். "தினமும் மெதுவா நடங்க, தலை வலிச்சா நின்னுடுங்க" என்றார் உத்திரமேரூர் டாக்டர். அப்படித்தான் நடந்தேன். ஆனால் உன் கல்யாணம் நெருங்குகிறது. மகளின் கையைப் பிடித்து ஆலயத்துக்குள் வரும் தகப்பன் மூச்சிரைத்துக்கொண்டு வரலாமா? அதனால் இந்த வாரம் ஏரிக்கரையில் ஓடத் தொடங்கினேன்.

உன் அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரு நடக்கத்தான சொன்னாரு? இன்னாத்துக்கு ஓடிக்கினு கீறீங்க?" என்று தினமும் சண்டை. தலை கொஞ்சம் வலிக்கிறதுதான். வெயிலாக இருக்கும்.

நேற்று கடிதத்தை இதோடு நிறுத்தினேன். இனி இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பயப்படாதே.

இன்று காலை ஓடிவிட்டு வந்து காபி குடித்தபோது பாதி சட்டையில் வழிந்தது. நான் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. "உங்க வாய் ஒரு பக்கமா போவுதுங்க" என்று சொல்லிவிட்டு மாட்டுவண்டி பிடிக்க ஓடினாள். எனக்கு வலி எதுவும் இல்லை. வலது கை மட்டும் மரத்துக் கிடக்கிறது.

பரீட்சை சமயத்தில் நீ கிளம்பி வர வேண்டாம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். நீ படிக்கும் செங்கல்பட்டுக்குப் போகும் பஸ் கண்டக்டரிடம் இதைக் கொடுத்தனுப்ப அம்மாவிடம் சொல்கிறேன்.

வாசலில் வண்டி வந்துவிட்டது. எழுந்திருக்கப் பார்த்தேன், கால் வரவில்லை. அம்மா தனியாக இருக்கிறாள்.

வந்துவிடு, கண்ணு.

உன் நைனா